நேரமும் வேலையும்: சூத்திரத்துக்கு முன் ஒரு நாள் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில் நேரம், வேலை பற்றிய கணக்குகளுக்குச் சூத்திரங்கள் மட்டுமே வெளியாவது குறித்து இதை எழுதுகிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுக்கு உரியவை என்பதாலும், ஒவ்வொரு நிமிடமும் அங்கே மதிப்புடையது என்பதாலும், குறுக்குவழியைத் தேடும் இளைஞர்களைக் குறை கூற முடியாது. ஆயினும் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவருக்கு, வினா சற்றுத் திரும்பினாலே அது கைகொடுப்பதில்லை.

கண்ணன் ஒரு வேலையை 10 நாட்களிலும் செல்வி அதையே 15 நாட்களிலும் முடிப்பார்கள் என்றால், இருவரும் சேர்ந்து எத்தனை நாட்களில் முடிப்பார்கள்? பெருக்கற்பலனைக் கூட்டுத்தொகையால் வகுத்தால், 150-ஐ 25-ஆல் வகுக்க, 6 நாட்கள் என்று விடை வந்துவிடுகிறது. இப்போது, இருவரும் 4 நாட்கள் சேர்ந்து உழைத்தபின் கண்ணன் விலகினால் மீதியைச் செல்வி எத்தனை நாட்களில் முடிப்பார் என்று கேட்டுப் பாருங்கள். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே திகைத்து நிற்கிறார். கண்ணனின் ஒரு நாள் வேலை 1/10, செல்வியுடையது 1/15, இரண்டும் சேர்ந்து 1/6 என்று அறிந்தவரோ, 4 நாட்களில் 2/3 பங்கு முடிந்து 1/3 பங்கு எஞ்சியிருப்பதையும், அதற்குச் செல்விக்கு 5 நாட்கள் ஆகும் என்பதையும் தாளில் எழுதாமலே சொல்லிவிடுவார். பின்னத்துக்கு அஞ்சுபவர்கள், மொத்த வேலையை 10, 15 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான 30 அலகுகளாகக் கொள்ளலாம். நாளொன்றுக்குக் கண்ணன் 3 அலகு, செல்வி 2 அலகு. அவ்வளவுதான்.

நிரப்பும் குழாய் 6 மணி நேரத்தில் நிரப்பும் தொட்டியை வெளியேற்றும் குழாய் 8 மணி நேரத்தில் காலி செய்யும் என்ற கணக்கிலும் இதே சிந்தனைதான். இரண்டும் ஒருங்கே திறந்திருந்தால், கூட்டலுக்குப் பதில் கழித்தல் வர, ஒரு மணி நேர வேலையாக 1/24 கிடைக்கிறது, தொட்டி நிரம்ப 24 மணி நேரம் ஆகிறது.

பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாடும் இதிலிருந்தே பிறக்கிறது. சேர்ந்து 6 நாட்களில் முடிப்பவர்களில் ஒருவர் மற்றவரைவிட 5 நாட்கள் குறைவாக எடுத்துக்கொள்வார் எனில், மெதுவானவரின் நாட்களை 'ந' என்று வைத்து, 1/ந + 1/(ந − 5) = 1/6 என எழுதினால், ந² − 17ந + 30 = 0 என்று சுருங்கி, 15, 2 என இரு விடைகள் வரும். 2-ஐ ஏற்றால் மற்றவருக்கு −3 நாட்கள் என்றாகிவிடுவதால் அதை நீக்குகிறோம். ஏன் நீக்குகிறோம் என்பதை விளக்குவதற்காகவே இந்தக் கணக்கை ஒரு வகுப்பு முழுவதும் நடத்தலாம் என்பது என் கருத்து.

வேகங்களைக் கூட்டும் இம்முறை நமக்குப் புதிதன்று. 12-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கரர் தமது லீலாவதி என்னும் கணித நூலில், ஒரு குளத்தைத் தனித்தனியே 1 நாள், 1/2 நாள், 1/3 நாள், 1/6 நாளில் நிரப்பும் நான்கு ஊற்றுகள் ஒருங்கே திறக்கப்பட்டால் எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறார். ஒரு நாளில் அவை 1, 2, 3, 6 என மொத்தம் 12 குளங்களை நிரப்பும் என்பதால் விடை 1/12 நாள்.

ஆகவே, இனி வெளியிடும் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் மேலே 'ஒரு நாள் வேலை' வழியிலான தீர்வையும், ஒருவர் இடையில் விலகும் அல்லது சேரும் கணக்கு ஒன்றையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்.