நடுச்சாமத்தில் என்ன பஸ், மகன்?

மகன்,

நேற்று நீ கோல் எடுத்து, "அம்மா, எனக்குச் செபம் சொல்லவே வருகுதில்லை, கடவுளில கோபமாய் இருக்கு" என்று சொன்ன கையோடு, "சரி பஸ் வருது" என்று வைத்துவிட்டாய். இங்கே காலை பத்தரை. அப்படியென்றால் ரொறன்ரோவில் நடுச்சாமம் ஒரு மணி. என்ன பஸ் என்று நான் கேட்கவில்லை. போனில் கதைத்தால் நீ இப்படித்தான் நழுவுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்பாவின் பெட்டியை மூடும்போது நீ வாய்விட்டு அழ வெளிக்கிட்டாய். நான் உன் கையை இறுக்கிப் பிடித்து, "அழாதே, அப்பா மோட்சத்தில் இருக்கிறார், நாங்கள் விசுவாசமுள்ள ஆட்கள்" என்றேன். அதில் விசுவாசம் பாதி, சனம் பார்க்குதே என்ற வெட்கம் பாதி. நீ அப்படியே விழுங்கிக்கொண்டு, மாதம்பிட்டி மயானத்திலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்று, நாலாம் நாள் பிளேன் ஏறிப் போய்விட்டாய். பிறகு ஒருநாள் யோவான் 11 வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பத்தான் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும், வெளிக்கிட முன்னமே சீடர்களுக்குச் சொல்லியும் விட்டார், அப்படியிருந்தும் கல்லறைக்குப் போகும்போது அழுதார். உயிர்ப்பை நன்றாய்த் தெரிந்தவரே அழுதிருக்கிறார், உன்னை அழ வேண்டாம் என்று சொல்ல நான் ஆர்?

கோபத்துக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்று நாங்கள் அந்தப் பூசைக்குத்தான் போக இருந்தோம், அப்பாவின் கால் வீங்கியதால் பிந்திவிட்டது. "அந்தோனியார்தான் உங்களைக் காப்பாற்றினார்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள், அப்போ செத்துப்போன பிள்ளைகளை அவர் ஏன் காப்பாற்றவில்லை என்று எரிந்துகொண்டிருந்தது. செபமாலையைக் கையில் எடுப்பேன், இரண்டாவது மணியோடு நின்றுவிடும். இதை உனக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. ஜூன் 12ஆம் திகதி கோயிலைத் திரும்பத் திறந்து, மறுநாள் திருநாளும் நடந்தது. நான் போய்ச் செபம் ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்துவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில் ஒரு வயதான சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தக் கோபத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர், "88ஆம் திருப்பாடலைச் சத்தமாய் வாசியுங்கோ அம்மா" என்றார், அவ்வளவுதான். வாசித்துப் பார் மகன். மற்றப் புலம்பல் பாடல்களில் அநேகமாக எங்கேயாவது ஒரு நம்பிக்கை, ஒரு நன்றி வந்துவிடும். இதில் ஆரம்பத்தில் கடவுளைக் கூப்பிடுவதோடு சரி, முடிவது இருட்டில்தான். என்னை ஏன் தள்ளிவிட்டாய் என்று கேட்கிற ஒருவனின் குரலை அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள், ஒருவரும் வெட்டி எறியவில்லை. கோபமாய் இருந்தாலும் அவன் அவரோடுதானே கதைக்கிறான். எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

பவுலும் கோபமே படாதே என்று எழுதவில்லை, கோபம் வந்தாலும் பாவம் செய்யாதே என்றுதான் எழுதினார். (பொழுது சாய முன்னம் கோபம் ஆற வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார், அதில் நானும் உன் அப்பாவும் முப்பது வருடம் ஃபெயில்.)

இன்னொன்று. தீர்க்கதரிசி எலியா சூரைச் செடிக்குக் கீழே இருந்து, என் உயிரை எடுத்துவிடும் என்று கேட்டபோது கடவுள் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. நித்திரை கொள்ள விட்டார், தூதர் வந்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டு மனுசன் திரும்பவும் படுத்தார், திரும்பவும் எழுப்பிச் சாப்பாடு. நீ நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து நூடில்ஸ் தின்றுவிட்டு விடிய விடிய போனைப் பார்த்துக்கொண்டு இருந்தால் எந்தச் செபம் வரும்? நித்திரை இல்லாமல் போய் எத்தனை நாள் என்று எனக்கு உண்மையைச் சொல்லு. ஒரு டொக்டரைப் பார். அது விசுவாசக் குறைவு என்று ஆராவது சொன்னால், சீனி வருத்தத்துக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேள். மனது மிகவும் மோசமாய்ப் போனால் அங்கே 988க்கு எந்த நேரமும் கோல் எடுக்கலாம், மெசேஜும் போடலாம் என்று உன் மச்சாள் சொன்னாள். இங்கே அதற்கு 1926 இருக்கிறது. நம்பரைப் போனில் போட்டு வை, அம்மாவுக்காக.

வருகிற செவ்வாய் கொச்சிக்கடைக்குப் போகிறேன். உன் பெயரில் மெழுகுதிரி கொளுத்துவேன், அதற்கு நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை. கடவுளைத் திட்ட வேண்டும் போல் இருந்தால் எனக்கு எழுதி அனுப்பு, மாற்றாமல் கொண்டுபோய் அங்கே சொல்கிறேன்.

மாமி அடுத்த மாதம் அங்கே வருகிறா, மிளகாய்த்தூள் கொடுத்துவிடுகிறேன். வேறு என்ன வேணும்?

அம்மா