கார்டிஃப் ராத்திரிகள் பற்றி, கலாவுக்கு

அன்புள்ள கலா,

உன் மெயிலை ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து விடியற்காலையில் படித்தேன், அப்புறம் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்தான். பாப்பாவுக்குக் கார்டிஃபில் எம்.எஸ்சி. இடம் கிடைத்துவிட்டது, செப்டம்பரில் வந்துவிடுவாள் என்று நீ எழுதியிருந்ததை இவரை எழுப்பி வாசித்துக் காட்டினேன். ஆனால் அத்தனை நீளக் கடிதத்தில் பாதிக்கு மேல் உன் பயம்தான் இருக்கிறது. யாரோ உனக்கு செயின்ட் மேரி தெருவின் சனிக்கிழமை ராத்திரி வீடியோவை அனுப்பி, இந்த ஊருக்கா பெண்ணை அனுப்புகிறாய் என்று கேட்டுவிட்டார்கள். அது நிஜமா என்று நீ என்னிடம் நேராகவே கேட்டாய், நல்லது. நிஜம்தான் கலா. ஆனால் அந்த வீடியோவில் வராதது நிறைய இருக்கிறது, அதையெல்லாம் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் ஊரைப் புரிந்துகொள். வேல்ஸின் தலைநகரம் என்று பேர், ஆனால் கோட்டை, ஸ்டேடியம், கடைத்தெரு, கிளப்புகள், ரயில் நிலையம் எல்லாம் கால்மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். அதற்கு வடக்கே ஒட்டினாற்போல கதேய்ஸ். வரிசை வீடுகள், வீட்டுக்கு ஐந்தாறு மாணவர்கள், வாசலில் குப்பை வாளிகள், ஜன்னலில் யாராவது மாட்டிய கொடி. பாப்பாவும் அநேகமாக அங்கேதான் அறை எடுப்பாள். அதாவது, ராத்திரி வாழ்க்கை என்பது இங்கே ஊருக்கு வெளியே எங்கோ நடப்பது இல்லை, படிக்கிற இடத்துக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவிலேயே நடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட முடியாது.

மாணவர்களுக்கு சனிக்கிழமையை விடப் புதன்கிழமைதான் பெரிது. புதன் மதியம் பெரும்பாலும் வகுப்பு வைக்க மாட்டார்கள், விளையாட்டுக்கு விட்டுவிடுவார்கள், ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் ஏதாவது வேஷம் கட்டிக்கொண்டு பார்க் பிளேஸில் இருக்கும் மாணவர் சங்கக் கட்டடத்துக்குப் போகும். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே 2,000 பேருக்கு மேல் ஆடக்கூடிய கூடம் இருக்கிறது, ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கம் சொந்தமாக கிளப் நடத்துகிறது என்றால் நம் ஊரில் யார் நம்புவார்கள்! ஜனவரி மழையில் கோட்டு இல்லாமல், முதலாம் ஆண்டுப் பையன்கள் பதினைந்து பேர் பென்குயின் வேஷத்தில் சிக்னலில் பச்சை விளக்குக்காக ஒழுங்காகக் காத்து நிற்பதை பஸ் ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆறு மணிக்கு கேட் பூட்டும் ஹாஸ்டலில் வளர்ந்தவள் நான், எனக்கு அதைப் பார்க்கும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும், அந்த வயசில் நமக்கு இது கிடைக்கவில்லையே என்று ஆதங்கமும் வரும்.

குடி பற்றிச் சொல்கிறேன். கிளப்புக்குள் ஒரு கிளாஸ் வாங்கக் காசு கொள்ளை, அதனால் பிள்ளைகள் வீட்டிலேயே கூடி முதலில் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள், அதற்கு "பிரீஸ்" என்று பேர். ஆபத்து பெரும்பாலும் அந்தச் சமையலறையில்தான், கிளப்பில் இல்லை, ஏனென்றால் அங்கே அளந்து ஊற்ற ஆள் கிடையாது. வேல்ஸ் அரசு 2020 மார்ச் 2 முதல் மதுவுக்கு ஒரு குறைந்தபட்ச விலை வைத்தது, ஒரு யூனிட்டுக்கு, அதாவது பத்து மில்லி சுத்த ஆல்கஹாலுக்கு, 50 பென்ஸ் என்று. அந்தக் கணக்கில் 700 மில்லி வோட்காவை 13 பவுண்டுக்குக் கீழே விற்க முடியாமல் போயிற்று, மூன்று லிட்டர் பாட்டிலில் அடிமாட்டு விலைக்கு வந்துகொண்டிருந்த கடும் சைடர், ஆப்பிள் மது, 11 பவுண்டைத் தாண்டிவிட்டது. குடியை இது நிறுத்திவிடவில்லை, ஆனால் ரொம்ப மலிவான சரக்கை அலமாரியில் இருந்து இறக்கியது.

இன்னொன்று தெரியுமா, இதே வேல்ஸில் 1881 இல் வந்த சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை திறக்கவே கூடாது. தேவாலயங்கள் அவ்வளவு பலமாக இருந்த காலம். 1961 இல்தான் மாவட்டம் மாவட்டமாக ஓட்டெடுப்பு நடத்தினார்கள், கார்டிஃப் அப்போதே திறந்துகொண்டது, வடமேற்கே டுவிவோர் என்ற பகுதி 1996 வரை பிடிவாதமாக மூடியே வைத்திருந்தது. ஆக, குடியைப் பற்றி நாம் வீட்டில் கேட்டு வளர்ந்த வாக்குவாதம் அத்தனையும் இந்த மண்ணும் பார்த்ததுதான்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். ரக்பி ஆட்டம் இருந்தால் அன்று ஊரே தேர்த்திருவிழாதான். 74,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் நகரத்தின் நடு மத்தியில் இருக்கிறது, வடக்கே உள்ள பள்ளத்தாக்கு ஊர்களில் இருந்து ரயில் ரயிலாக வந்து இறங்குவார்கள், பாட்டியும் பேத்தியும் ஒரே சிவப்புச் சட்டையில். இரவு கிளப்புகள் காலியாகும்போது அத்தனை பேரும் போய்ச் சேருவது கரோலின் தெரு, ஊர்க்காரர்களுக்கு அது சிப்பி லேன். அங்கே "பாதிக்குப் பாதி" என்று கேட்டால் ஒரே பெட்டியில் பாதி சோறும் பாதி உருளைக்கிழங்கு வறுவலும் போட்டு, மேலே மஞ்சள் கறிக் குழம்பை ஊற்றித் தருவார்கள், ஆவி பறக்க. சோறும் வறுவலுமா என்று நீ முகம் சுளிப்பாய், ஆனால் ராத்திரி இரண்டு மணிக் குளிரில் அதைத் தின்று பார்த்தால் தெரியும்.

உன் வீடியோவில் இருந்ததாகச் சொன்னாயே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்து அழும் பெண், அவளைப் போல நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடியோ இன்னும் ஐந்து நிமிஷம் ஓடியிருந்தால் நீலச் சட்டை போட்ட இரண்டு மூன்று பேர் அவள் பக்கத்தில் வந்து குந்தியிருப்பார்கள். தெரு ஊழியர்கள், தேவாலயங்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள், வெள்ளி சனி இரவுகளில் பையில் தண்ணீர் பாட்டிலும் ரப்பர் செருப்பும் வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். உடைந்த கண்ணாடி கிடக்கும் தெருவில் வெறுங்காலோடு நடக்கிற பெண்ணுக்கு அந்தச் செருப்பைப் போட்டுவிட்டு, தோழிகளைத் தேடிக் கண்டுபிடித்து, டாக்சியில் ஏற்றும் வரை கூடவே இருப்பார்கள். யாரையும் திட்டுவதில்லை, போதனை எதுவும் செய்வதில்லை. 2012 இல் நகர மையத்துத் தேவாலயக் கட்டடம் ஒன்றில், போதை மிஞ்சிப்போனவர்களைக் கிடத்திப் பார்த்துக்கொள்ள நர்சுகளோடு ஒரு மையமும் வைத்தார்கள், ஆம்புலன்ஸும் அவசரப் பிரிவும் மாரடைப்புக்காரருக்குக் கிடைக்கட்டும் என்று. அவசரப் பிரிவில் சனிக்கிழமை ராத்திரிகளைக் கழித்தவள் சொல்கிறேன், அதன் அருமை எனக்குத் தெரியும்.

என் வேலையோடு ஒட்டியது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஜொனாதன் ஷெப்பர்ட் என்று கார்டிஃபில் ஒரு முக அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர். சண்டையில் உடைந்த தாடை, பீர் கிளாஸ் கிழித்த கன்னம் என்று தைத்துக்கொண்டே இருந்தவர், அப்படி வருகிறவர்களில் பெரும் பங்கு பேரைப் பற்றிப் போலீஸிடம் ஒரு தகவலும் கிடையாது என்று கண்டுபிடித்தார். அடிபட்டவன் பயத்தாலோ, நம் மேலும் தப்பு இருக்கிறதே என்றோ புகார் கொடுப்பதில்லை. அப்படியானால் போலீஸ் எங்கே போய் நிற்கும்? அவர் சொன்ன வழி ரொம்ப எளிது. ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலேயே எங்கே, எப்போது, எதால் அடி என்று கேட்டுக் குறித்துக்கொள்வது, பெயரை எடுத்துவிட்டு அந்தக் குறிப்பை மட்டும் போலீஸுக்கும் நகராட்சிக்கும் கொடுப்பது. எந்தத் தெருமுனை, எந்த கிளப், எத்தனை மணி என்று தெரிந்துவிட்டால் போலீஸ்காரரை அங்கே நிறுத்தலாம், கிளப் முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்கலாம், கண்ணாடி டம்ளருக்குப் பதில் பிளாஸ்டிக் வை என்று சொல்லலாம். 2011 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின்படி, வன்முறைக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது, இதைப்போன்ற 14 நகரங்களோடு ஒப்பிட்டால், இங்கே 42 சதவீதம் குறைந்திருந்தது. இன்று கார்டிஃப் மாடல் என்ற பேரில் அமெரிக்கா வரை போயிருக்கிறது. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரத்தம் சொட்ட நிற்கிற பையனிடம், மேசையில் இருக்கும் அம்மா "எந்த இடம் கண்ணு, உள்ளேயா வெளியேயா?" என்கிற தொனியில் கேட்பதைப் பக்கத்தில் நின்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு கேள்வி அடுத்த சனிக்கிழமை வேறொரு பையன் முகத்தைக் காப்பாற்றும்.

அதனால் குடிகாரக் கூட்டத்தைப் பார்த்து எனக்கு இப்போதெல்லாம் பெரிய பயம் இல்லை. என் கவலை வேறு. கோட்டைக்கு எதிரே வுமன்பி தெரு என்று ஒரு சந்து இருக்கிறது, இந்த ஊர் இசையின் உயிரே அதில்தான். அங்கே 1983 இல் கிளப் இவோர் பாக் தொடங்கினார்கள், தலைநகரத்தில் வெல்ஷ் பேசுகிறவர்கள் தங்கள் மொழியிலேயே பேசி ஆட ஓர் இடம் வேண்டும் என்று. ஆரம்பத்தில் வெல்ஷ் தெரிந்த உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். பேர் வைத்ததும் எப்படித் தெரியுமா, 1158 இல் கார்டிஃப் கோட்டைச் சுவர் ஏறிக் குதித்து, உள்ளே இருந்த பிரபுவையும் அவர் மனைவியையும் மகனையும் தூக்கிக்கொண்டு போய், பறித்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரை விடாத மலைநாட்டுத் தலைவன் இவோர் பாக். அந்தக் கோட்டைச் சுவருக்கு எதிரிலேயே அவன் பெயரில் ஒரு டான்ஸ் கிளப்! இப்போது எல்லாரும் போகலாம். பிற்பாடு உலகம் சுற்றிய வெல்ஷ் பாட்டுக் குழுக்கள் பலவும் தொடக்கத்தில் அந்த வியர்வை நாற்றம் அடிக்கும் மாடியில் வாசித்தவைதான்.

2017 இல் அந்த வுமன்பி தெருவை ஒட்டி ஹோட்டலும் குடியிருப்பும் கட்டும் திட்டங்கள் வந்தன. புதிதாகக் குடிவந்தவர் இரண்டு புகார் கொடுத்தால் போதும், முப்பது வருஷ கிளப்பின் கதவை இழுத்து மூடவேண்டி வரும். ஊர்ப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். விளைவாக, இசை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுகிறவர்தான் சத்தம் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை வேல்ஸ் அரசு தன் கட்டுமானக் கொள்கையில் சேர்த்தது. நல்ல வெற்றிதான். ஆனாலும் கில்ட்ஃபர்ட் கிரசென்ட் தெருவில் இருந்த குடிஹூ என்ற சின்ன இசை பார் 2019 ஜனவரியில் மூடப்பட்டது, அதற்காக மழைக்காலத்தில் அவ்வளவு பேர் ஊர்வலம் போயும் பயனில்லை. வுமன்பி தெருவிலேயே இருந்த தி மூன் என்ற இசைக் கூடமும் 2024 நவம்பரில் மூடப்பட்டது. வாடகை, கரண்ட் பில், கையில் காசில்லாத மாணவர்கள் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்து சின்ன இடங்களைத் தின்கின்றன. பெரிய கிளப்புகள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான், பாப்பா போகவேண்டியது இந்தச் சின்ன இடங்களுக்கு. ஐந்து பவுண்டு பத்து பவுண்டுக்கு டிக்கெட் எடுத்து, பேர் தெரியாத குழு ஒன்று புரியாத மொழியில் பாடுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று கேட்கட்டும். கையில் வெறும் ஆரஞ்சு ஜூஸோடு நின்றாலும் அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் எழுதினால் நீ நம்பாதே. 2021 இலையுதிர்காலத்தில் பிரிட்டன் முழுக்கப் பெண்களின் பானத்தில் மருந்து கலப்பதும் ஊசி குத்துவதும் பெரிய பேச்சானது, பல ஊர்களில் மாணவிகள் ஒரு ராத்திரி கிளப்புகளையே புறக்கணித்தார்கள். எனவே அவளிடம் நான் சொல்லப் போவது இவ்வளவுதான்: கிளாஸைக் கையை விட்டு வைக்காதே, வைத்துவிட்டால் அதைத் திரும்பத் தொடாதே, போகும்போது எத்தனை பேரோ வரும்போதும் அத்தனை பேர், போனில் சார்ஜ், டாக்சியில் ஏறுமுன் நம்பரை எனக்கு அனுப்பு. எந்த நேரமானாலும் போன் பண்ணு, திட்டமாட்டேன். இந்தக் கடைசிப் பேச்சை நீயும் அவளிடம் சொல்லிவிடு கலா. அம்மா திட்டுவாளே என்ற பயத்தில் போன் பண்ணாமல் இருந்த பிள்ளைகளை நான் டூட்டியில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நீ யோசிக்காத ஒன்று. மாணவர் விசாவில் வருகிறவர்கள் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த ராத்திரியை முதலில் பார்ப்பதே கவுண்டருக்கு உள்ளே நின்றுதான், வறுவல் கடையில், பாரில் கிளாஸ் பொறுக்கி, கிளப் வாசலில் லைசென்ஸ் மாட்டிய செக்யூரிட்டியாக. காலை நான்கு மணிக்கு கதேய்ஸுக்கு நடந்து திரும்பும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும், ஒன்பது மணிக்கு வகுப்பில் உட்காரவேண்டுமே. முதல் மூன்று மாசமாவது பாப்பா ராத்திரி வேலைக்குப் போகாத அளவுக்குக் கையில் காசு கொடுத்து அனுப்பு, முடியாவிட்டால் என்னிடம் சொல், இதில் கௌரவம் பார்க்காதே. குடிக்காதவர்களுக்கு சிட்டி ரோடு இருக்கிறது, அரபுச் சாப்பாட்டுக் கடை, இனிப்புக் கடை, டீக்கடை என்று நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரியும், தலையில் முக்காடு போட்ட பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு அரட்டை அடிப்பார்கள்.

என் பெரியவன் சுவான்சியில் இரண்டாம் வருஷம், கடற்கரை ஓரத்து காம்பஸ், ஊர் சுற்றுவதில் அண்ணன் கெட்டி, அவனும் கார்டிஃபுக்கு வந்து அவளுக்கு ஊரைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். இவர் நலம், முட்டி வலி மட்டும் விடவில்லை. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றாயே, என்ன ஆயிற்று, அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை.

டிக்கெட் போட்டதும் தேதியை அனுப்பு. ஹீத்ரோவில் இருந்து பஸ் சோஃபியா கார்டன்ஸில் வந்து நிற்கும், நான் அங்கே வந்து கூட்டிக்கொள்கிறேன், முதல் வாரம் எங்கள் வீட்டில்தான் இருக்கவேண்டும். குடை வேண்டாம், இந்த ஊர்க் காற்றுக்கு ஒரு வாரம் தாங்காது, தொப்பி வைத்த நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொடு. பெட்டியில் இடம் இருந்தால் கொஞ்சம் சுண்டைக்காய் வற்றல்.

உன்
சாந்தி