கருவாட்டு வாசம் அடிக்கும் அளவு நோட்டு

பாம்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் என்னிடம் துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கும், ஒரு ஜாக்கெட்கூடக் கொடுக்காமல் வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸ் வேலை முடிந்து இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. கடைசி கவுன் 24ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டை விட்டுப் போனது. கொக்கி வைக்க நேரமில்லை, ஊக்கு குத்தி அனுப்பினேன். அந்தப் பிள்ளையின் அம்மா மன்னிக்க வேண்டும். கவுனைத் திருப்பிக் கொண்டுவந்தால் கொக்கி வைத்துத் தருகிறேன்.

நவம்பர் 20 மழையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள். பாம்பனில் 3 மணி நேரத்தில் 19 சென்டிமீட்டர் என்று செய்தியில் சொன்னார்கள். தையல்காரிக்கு எல்லாமே இஞ்ச் கணக்கு. என் வீட்டில் மிஷின் பெடலுக்கு மேல் 14 இஞ்ச் தண்ணீர்.

துணிகளைப் பற்றி நான் அவ்வளவு பயப்படவில்லை. சாயம் இறங்கிய துணியைக் காயவிடாமல் திரும்பத் திரும்பப் பச்சைத் தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் தப்பித்துவிடும். கோயிலில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புது நன்மைக்கு வைத்திருந்த வெள்ளை சாட்டினில் பக்கத்து அரக்கு ஜாக்கெட் துணியின் சாயம் ஏறியிருந்தது. ஏழு தண்ணீர் மாற்றினேன், வெளுத்துவிட்டது. மோட்டார் போனாலும் காலால் மிதித்துத் தைக்கலாம், நான் பழகியதே அப்படித்தான். என்னை உட்கார வைத்தது அளவு நோட்டு.

பதினோரு வருஷத்து நோட்டு அது. ஆளுக்கு ஒரு பக்கம். உயரம், மார்புச் சுற்று, இடுப்பு, தோள், கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. ஓரத்தில் எனக்கு மட்டும் புரிகிற குறிப்புகள்: 'இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்', 'கை இறுக்கமாகக் கேட்பார், பிறகு திட்டுவார், கால் இஞ்ச் கூடுதலாக விடு'. மறுபடி டேப் பிடித்தால் ஆயிற்று என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். என் வாடிக்கையில் பாதிப் பேர் கட்டிக்கொடுத்துப் போன பிள்ளைகள். தொண்டியில் ஒருத்தி, சென்னையில் ஒருத்தி, துபாயில் ரெண்டு பேர். துணி மட்டும் வரும், ஆள் வராது. அளவு ஜாக்கெட் கேட்கலாம் என்றால் இங்கிருந்ததெல்லாம் அதே தண்ணீரில் ஊறிக் கிடந்தது. நோட்டு ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. தெருவில் குவித்த குப்பையோடு நானே அதைத் தூக்கிப் போட்டேன்.

அதைக் குப்பையிலிருந்து எடுத்தது எதிர் வரிசையில் கருவாடு போடும் அம்மாச்சி. நான் கேட்கவில்லை. எடுத்தார் என்பதே எனக்குத் தெரியாது.

அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய பேப்பரை இடையில் கொடுத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஈரத்தை இறக்கியிருக்கிறார். பிறகு திண்ணையில் ஓலைப்பாய் விரித்து, வாசலில் இருந்து வரிசையாக அடுக்கி வாடைக் காற்றில் காயவைத்திருக்கிறார். வெயிலே இல்லாத வாரம் அது. வெயில் இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டாராம், "வெயில்ல போட்டா சுருண்டுரும்ல, மீனைவிட மெல்லிசு" என்றார். படிக்கத் தெரியாதவர் ஒரு பக்கம்கூட இடம் மாற்றவில்லை. எடுத்த வரிசையிலேயே அடுக்கி, வலை ஊசியால் நைலான் நூல் போட்டுத் தைத்து, ஒன்பதாம் நாள் ஓலைக் கொட்டானில் வைத்துக் கொண்டுவந்தார். அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தேன். என் தையலில் எதுவும் அத்தனை உறுதி கிடையாது.

பால்பாயிண்டில் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது. மகளின் ஜெல் பேனாவை எடுத்து ஸ்டைலாக எழுதிய பக்கங்கள் மட்டும் வெறும் நீலமாகிவிட்டன. அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும்.

"உங்க கருவாடு என்னாச்சு அம்மாச்சி?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"நெத்திலி ரெண்டு கூடையும் புழுத்துப்போச்சுத்தா. கருவாடு இல்ல, பேப்பரு சும்மாதானே கெடந்துச்சு."

இதையும் சொல்லிவிட வேண்டும். துணியில் வாசம் ஏறுகிறது, வேறெங்காவது காயப்போடுங்கள் என்று போன வருஷம் தெருவில் நின்று அவரிடம் சத்தம் போட்டவள் நான். அதன் பிறகு ஜன்னலைச் சாத்தியேதான் தைத்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இப்போது நோட்டைத் திறந்தாலே கருவாட்டு வாசம்தான். ஜாக்கெட் வாங்க வந்த ஒருவர் முகர்ந்து பார்த்து, வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து மிஷின் தலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஷட்டில் மாற்றி, பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்ட மெக்கானிக் அண்ணன். சேறு அள்ளிய கல்லூரிப் பிள்ளைகள். கை மிஷினை இரவல் கொடுத்த மதினி. தவணையைத் தள்ளிவைத்த மகளிர் குழு அக்காமார்கள். ஊறிப்போன துணிக்கு விலை கேட்காமல் வேறு துணி எடுத்துக் கொடுத்த அத்தனை வாடிக்கைக்காரர்கள். ஒருவர் மட்டும் கேட்டார். கொடுத்துவிட்டேன், அதுவும் நியாயம்தான்.

சின்னப்பாலத்திலிருந்து கடல்பாசி எடுக்கும் அக்காமார்கள் நாலு பேர் வந்து வீட்டைக் கழுவிவிட்டுப் போனார்கள். அவர்கள் கடலுக்குள் பாறையைத் தடவும்போது விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள். வெட்டு மிச்சத்தில் இனி ரப்பர் பேண்டும் தலையணை உறையும் தைப்பதற்கு முன்னால், ஜீன்ஸ் துணியாக இருப்பதையெல்லாம் ரெட்டை மடிப்பில் அவர்களுக்கு விரலுறையாகத் தைத்துக் கொடுப்பதாக இருக்கிறேன். காசு கிடையாது. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 61 நாள் விசைப்படகு போகாத வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அந்த நாட்களில் இந்த மிஷின்தான் அடுப்பெரிக்கும். நாலு வீட்டுக்கு நாலு விரலுறை தைப்பதால் அது அணைந்துவிடாது.

அப்புறம் அம்மாச்சி விஷயம். ஜாக்கெட் தைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். நைட்டி என்றேன், சிரித்தார். கடைசியில் ஒரு சுருக்குப் பை கேட்டார். வெற்றிலைக்கு ஒரு அறை, பாக்குக்கு ஒன்று, சில்லறைக்கு ஒன்று. கிறிஸ்துமஸ் கவுனில் மிஞ்சிய மெரூன் வெல்வெட்டில் ஆசையாகத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. "இதுல செதில் ஒட்டுதுத்தா, காடாத் துணியில தை."

காடாத் துணி வெட்டி வைத்திருக்கிறேன். நாடா எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டதற்கு டேப்பைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். கடல்காரர்கள் கணக்கில் அது ஒரு பாகம். நீலமாகிப் போன ஒரு பக்கத்தின் மேலேயே பால்பாயிண்டில் எழுதிக்கொண்டேன்: 'அம்மாச்சி. நாடா ஒரு பாகம்.'