ரிலே வீண் செலவா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பழைய கார் பராமரிப்புப் பகுதியில், “ஹெட்லைட் மங்கினால் 100 வாட் பல்பு போட்டால் போதும், ரிலே என்பது எலக்ட்ரீஷியன்கள் நம் தலையில் கட்டும் வீண் செலவு” என்று எழுதியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர். (ரிலே என்பது, சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஓடவிடும் தனி சுவிட்ச்.) ரொம்ப நன்றி. சத்தியமங்கலத்தில் இத்தனை வருஷமாக ஊரை ஏமாற்றித்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது தங்கள் இதழைப் படித்த பிறகே எனக்குத் தெரிந்தது.

தங்களுக்குத் தெரியாததல்ல. பழைய அம்பாசிடரில் கரண்ட் டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து காலால் மிதிக்கும் டிம்-பிரைட் சுவிட்சுக்கு இறங்கி, திரும்ப முன்னால் வந்துதான் பல்பைச் சேரும். வழியெல்லாம் பச்சை பூத்த முனைகள். என்னிடம் வந்த ஒரு வண்டியில், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 11.6. வோல்ட் 10 சதவீதம் இறங்கினாலே வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். இதில் பல்பு என்ன பாவம் செய்தது?

அந்த ஒயரிலேயே 100 வாட் பல்பு இரண்டை மாட்டினால் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயர் சுடும், வோல்ட் இன்னும் இறங்கும், ஹோல்டர் இளகும். அந்தக் காலத்து அம்பாசிடரில் ஹெட்லைட் லைனுக்கு ஃபியூஸே கிடையாது என்பதைக் கட்டுரையாளர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. போன தை மாதம் ஒரு குடும்பம் பண்ணாரி ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது, ஒரே நொடியில் இரண்டு லைட்டும் போய்விட்டது. ஆனை நடமாடும் ரோடு. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓரங்கட்டியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தேன், சுவிட்ச் உள்ளே உருகிப்போயிருந்தது. வேறு கடையில் மாட்டிய 100/90 பல்பு (பிரைட்டில் 100 வாட், டிம்மில் 90) மட்டும் பத்திரமாக இருந்தது.

ரிலே போட்டால் அந்தச் சுவிட்ச் கால் ஆம்பியருக்கும் குறைவாகத்தான் சுமக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், அதன் 87-ஆம் முனையிலிருந்து நேராகப் பல்புக்கு. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. பல்பிலிருந்து கரண்ட் திரும்பும் எர்த் ஒயரையும் புதிதாக இழுக்க வேண்டும். அதைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன 11.6 வண்டியில், இருந்த 60/55 பல்பிலேயே 13.4 வந்தது. பல்பை மாற்றிவிட்டீர்களா என்று வண்டிக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

கோபத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. போன வருஷம் கேள்வி-பதிலில், பழைய சேட்டக் ஸ்கூட்டருக்கு ரிலே போட்டு பேட்டரியிலிருந்து லைட் எரிக்கச் சொன்னீர்கள். அந்த வண்டியில் ஹெட்லைட், இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் மேக்னட்டோவிலிருந்து ஏசியில் எரிவது; பேட்டரி தருவதோ டிசி. தங்கள் பதிலை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம், பத்திரிகையில் வந்ததே தப்பு என்று சொல்லி நான்தான் கெட்ட பேர் வாங்கினேன். அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. எதிர்ப்பக்கத்தில் அரைப்பக்க எல்இடி விளம்பரம் இருந்தது, அதற்கு இடம் வேண்டுமே! எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்துக்கு ஊரெல்லாம் விளம்பரம். ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி அப்புறம் போலீஸ் நிறுத்துகிறது. ஆனால் ஒயரைப் பற்றி எழுத மட்டும் யாருக்கும் இடமில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. “பழைய ஒயரிங்கில் 60/55-க்கு மேல் பல்பு மாட்டாதீர்கள்” என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். உருகிய சுவிட்சின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போட மனமில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவன்,
சத்தியமங்கலம்.