செல்வத்துக்கு, டெஸ்லா காயில் பற்றி

அன்புள்ள செல்வம்,

பேத்தி பிறந்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் கண் ஆபரேஷன் என்ன ஆயிற்று? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

சரி, உயர் மின்னழுத்தத்தில் காற்றில் பொறி பறக்கவிடும் உன் டெஸ்லா காயில் விஷயத்துக்கு வருகிறேன். பொறி அரை அடியைத் தாண்டவில்லை, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. நியான் போர்டில் கழற்றிய 15,000 வோல்ட், 30 மில்லியாம்ப் டிரான்ஸ்ஃபார்மரே இரண்டு அடிக்கு மேல் தரும். உன் குறை மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரிலும், பிரைமரி என்ற கீழ்ச் சுருளையும் செகண்டரி என்ற மேல் சுருளையும் ஒரே அதிர்வெண்ணுக்குக் கொண்டுவரும் சுருதியிலும்தான்.

கெபாசிட்டராக நீ வைத்திருக்கும் பீர் பாட்டிலும் உப்புத் தண்ணீரும் நல்ல தொடக்கம். 1899-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில், இந்தக் காயிலைக் கண்டுபிடித்த டெஸ்லாவும் மினரல் வாட்டர் பாட்டில்களை இப்படித்தான் பயன்படுத்தினார். ஆனால் இந்த அதிர்வெண்ணில் கண்ணாடி கணிசமான சக்தியைத் தின்றுவிடும். சில நிமிடம் ஓட்டி, மின்சாரத்தைத் துண்டித்து, சார்ஜை இறக்கிய பிறகு பாட்டிலைத் தொட்டுப் பார், வெதுவெதுப்பாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினால் தண்ணீர் மட்டத்தைச் சுற்றி நீல ஒளி தெரியும், ஓசோன் வாடை அடிக்கும். அதுவும் வீண்தான். தண்ணீருக்கு மேல், பாட்டிலின் உள்ளேயும் வெளியேயும், ஒரு விரல் அளவு மினரல் ஆயில் ஊற்று. அந்த ஒளி அடங்கிவிடும்.

செலவு செய்ய முடிந்தால், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கெபாசிட்டருக்கு மாறிவிடு. பல்ஸ் தாங்கும் வகையில் 0.1 மைக்ரோஃபாரட், 2,000 வோல்ட் கெபாசிட்டர் பன்னிரண்டை வரிசையாகக் கோர்த்தால் 8 நானோஃபாரட் வரும், 24,000 வோல்ட் தாங்கும். மிஞ்சும் சார்ஜை இறக்க ஒவ்வொன்றின் குறுக்கேயும் 10 மெகாஓம் ரெசிஸ்டர் கட்டாயம்.

நீ எழுதிய அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். நாலு அங்குல பிவிசி குழாயில் 25 கேஜ் எனாமல் கம்பி 900 சுற்று, மேலே அலுமினிய வளையம் என்றால் செகண்டரி 280 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதிரும். கீழே 8 நானோஃபாரட் இருந்தால் பிரைமரிக்கு 40 மைக்ரோஹென்றி வேண்டும். பிரைமரியின் செம்புக் குழாய்ச் சுருளில் அந்த அளவு வரும் இடத்தில் இணைப்புக் கிளிப்பைப் போடு.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதே, எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். பொறி பறக்கும்போது காற்றில் நீளும் கிளைகளும் செகண்டரியின் கெபாசிட்டன்ஸோடு சேர்ந்துகொள்ளும். அதிர்வெண் கீழே இறங்கும். சிக்னல் ஜெனரேட்டர் வைத்துப் பார்த்த சுருதி அப்போது பொருந்தாது. அதனால் கிளிப்பைக் கால் கால் சுற்றாக வெளிப்பக்கம் நகர்த்திக்கொண்டே போ. பொறி நீள்வது நின்று குறையத் தொடங்கும் வரை போய்விட்டு, ஒரு படி உள்ளே வா. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கணக்கு காட்டிய இடத்துக்கு அரைச் சுற்றோ ஒரு சுற்றோ தள்ளி, காயில் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே சொல்லிவிடும்.

ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பிளாஸ்டிக் கம்பில் கட்டிய எர்த் வயரால் கெபாசிட்டரைத் தொட்டுவிட்டுத்தான் கையை வை. மேலே பறக்கும் பொறியை விடக் கீழே இருக்கும் 30 மில்லியாம்ப்தான் ஆளைக் கொல்லும். பக்கத்தில் ஒருவர் இல்லாமல் ஓட்டாதே, செல்வம். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். ஆசிலாஸ்கோப்பை எடுத்து வருகிறேன், சேர்ந்து பார்ப்போம். அதற்குள் பிரைமரியின் உள்விட்டமும் சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் எவ்வளவு என்று அளந்து எழுது.

அன்புடன்,
ராஜு