எரேமியா வாங்கிய நிலம்

அன்புள்ள மக்கா,

உன் மெசேஜை ராத்திரியே பார்த்தேன். உடனே பதில் போட்டால் கோபத்தில் எதையாவது எழுதிவிடுவேன் என்று காலைவரை விட்டுவைத்தேன். "இந்த மாதத்துக்குள் வேலை உறுதி, கர்த்தர் காட்டினார்" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம், மாதம் போனதும் உன் அவிசுவாசம்தான் தடை என்றாராம். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கடவுளிடம் கோபப்பட்டால் விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறாய். வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசி மக்கா, அவசரமில்லாமல் முழுசாக வாசி.

எருசலேமுக்குப் பக்கத்து ஊரான ஆனதோத்தில் ஆசாரியர் வீட்டுப் பையன் அவர். யூதா தேசத்து யோசியா ராஜாவின் 13ஆம் வருஷத்தில் அழைப்பு வந்தபோது, நான் சிறுபிள்ளை, எனக்குப் பேசத் தெரியாது என்றுதான் சொன்னார். அப்புறம் 23 வருஷம் பேசியும் ஜனங்கள் கேட்கவில்லை என்று அவரே சொல்கிறார். கல்யாணமும் கூடாது என்று கட்டளை. இத்தனையையும் சிரித்துக்கொண்டே தாங்கினாரா? வற்றிப்போகிற தண்ணீர் மாதிரி என்னை ஏமாற்றுவீரோ என்று கர்த்தரிடமே கேட்டார், தான் பிறந்த நாளைச் சபித்தார். இன்றைக்கு ஒருவர் சபையில் எழுந்து இதைச் சாட்சியாகச் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். வேதத்தில் அதை யாரும் வெட்டி எடுக்கவில்லை.

அந்தக் காலத்திலும் தேதி குறித்துச் சொல்கிறவர் ஒருவர் இருந்தார், அனனியா. இரண்டே வருஷத்தில் பாபிலோன் கொண்டுபோன ஆலயப் பொருட்கள் திரும்பி வரும், சிறைப்பட்டவர்களும் வருவார்கள் என்றார். எரேமியா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? ஆமென், அப்படியே ஆகட்டும் என்றார். அந்த நல்ல செய்தி உண்மையாக இருக்கக்கூடாதா என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கும். எல்லார் முன்னாலும் அனனியா, பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தடியைப் பிடுங்கி உடைத்தபோது எரேமியா சண்டைக்கு நிற்காமல் தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை வந்த பிறகுதான் திரும்பிப் போய்ப் பேசினார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார், அதுதான் அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம்.

சரி, 32ஆம் அதிகாரத்துக்கு வா. கி.மு. 587 வாக்கில், பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது, எரேமியா காவல் முற்றத்தில் கைதி. நகரம் விழும் என்று பேசியதற்காகத்தான் அடைத்தே வைத்திருக்கிறார்கள். அப்போது சித்தப்பாவோ பெரியப்பாவோ மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், சொந்தக்காரன் என்பதால் மீட்கிற உரிமை உனக்குத்தான் என்கிறான். எதிரி கைக்குப் போகப்போகிற பூமி அது, கடனுக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். இவர் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சிகள் வைத்து, முத்திரை போட்டு, ரொம்ப நாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பதற்கு அது அடையாளம். எல்லாம் முடித்த பிறகுதான் ஜெபத்தில் கேட்கிறார், நகரமே பாபிலோன்காரர் கையில் போகிறதே, நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று! அவருக்கும் புரியவில்லை மக்கா, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிறகு பிரபுக்கள் அவரைச் சேற்றுக் குழியில் இறக்கியதும், எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியர் கயிறு அறுக்காமலிருக்க அக்குளில் வைக்கப் பழந்துணி போட்டுத் தூக்கியதும் உனக்குத் தெரியும். (அந்தப் பிரபுக்களில் யூகால், கெதலியா இருவர் பெயரும் பொறித்த களிமண் முத்திரைகள் 2005லும் 2008லும் எருசலேம் அகழாய்வில் கிடைத்தன, அப்பாவிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.)

நகரம் விழுந்த பிறகு மிஞ்சியவர்கள், நாங்கள் எகிப்துக்குப் போகலாமா என்று கேட்டபோது, பத்து நாள் கழித்து வார்த்தை வந்த பின்தான் பதில் சொன்னார். போகாதீர்கள் என்றார். அவர்கள் கேட்காமல் அவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

ஆகவே நீ கோபமாகவே ஜெபம் பண்ணு, அந்தக் கூட்டத்துக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். வாடகைக்குப் பணம் போட்டிருக்கிறேன், திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன் அப்பாவுக்கு ஒரு போன் போடு.

அம்மா