ஒரே பேர்ல ரெண்டு கார்டு விக்கிறத நிறுத்துங்க: என்விடியா, ஏஎம்டி, இன்டெல்லுக்கு ஒரு திறந்த மடல்

என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூணு பேருக்கும் வணக்கம்.

கேம் ஆட வாங்குற கிராபிக்ஸ் கார்டுல உங்கள்ல யாரு பெஸ்ட்டுன்னு நாங்க இங்க தெனமும் அடிச்சுக்கிறோம் (என்விடியா தலைவர் ஜென்சனும் ஏஎம்டி தலைவர் லிசா சூவும் தூரத்து சொந்தமாம், அவங்க விசேஷ வீட்ல சிரிச்சு பேசிக்குவாங்க, மண்டை உடையறது எங்களுக்குத்தான்). சண்டைய விடுங்க, விஷயத்துக்கு வரேன்.

2025 ஏப்ரல்ல என்விடியாவோட 5060 டிஐ கார்டு வந்துச்சு, ஒரே பேர்ல ரெண்டு மெமரி அளவு: 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429. என்விடியா எப்பவும் இப்படித்தான்னு திட்டிட்டு ஏஎம்டி பக்கம் திரும்பினா ஜூன்ல 9060 எக்ஸ்டி, 8 ஜிபி 299, 16 ஜிபி 349, அதே கூத்து. போர்டுல மசால் தோசைன்னு போட்டுட்டு மசால் வேணும்னா தனியா கேளுங்கங்கிற கதையால்ல இருக்கு? அந்த 50 டாலர் உங்களுக்கு சில்லறை, இங்க 18% ஜிஎஸ்டி, கடைக்காரர் மார்ஜின் எல்லாம் சேர்ந்து வரும்போது வாங்குறவன் யோசிப்பான், பேரு ஒண்ணுதானேன்னு கம்மி விலைய எடுத்துட்டுப் போயிடுவான்.

சிப்பு ஒண்ணுதான், அதனால மெமரி நிறையற வரைக்கும் ரெண்டும் ஒரே எஃப்பிஎஸ்தான் (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்) காட்டும். 8 ஜிபி நிறைஞ்ச உடனே மிச்ச டேட்டா பிசிஐஇ (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கிற பாதை) வழியா சிஸ்டம் ரேமுக்கு ஓடும், அந்தப் பாதையில 5060 டிஐக்கு இருக்கிறதே 8 லேன், நம்ம பசங்க பாதி பேர்கிட்ட இன்னும் பழைய பி450 மதர்போர்டு, அதுல வேகம் கம்மியான பிசிஐஇ 3.0, அங்கதான் மூச்சு முட்டும். ஆவரேஜ் பாத்தா ஓகேன்னு தோணும், ஆனா 1% லோ (ரொம்ப மெதுவா வர்ற 1% ஃபிரேமோட வேகம்) பாதாளத்துக்குப் போயிடும், செவுத்துல இருக்கிற டெக்ஸ்சர் களிமண் பூசின மாதிரி தெரியும். 9060 எக்ஸ்டில முழு 16 லேன் குடுத்ததால அடி கொஞ்சம் கம்மி, அதுக்கு ஏஎம்டிக்கு ஒரு நன்றி.

என்விடியா, உங்க டிஎல்எஸ்எஸ் (ஏஐ வெச்சு எஃப்பிஎஸ் ஏத்துற வித்தை) நல்லாத்தான் இருக்கு, அத யாரும் மறுக்கல. ஆனா 549 டாலர் 5070ல போன தலைமுறையோட உச்ச கார்டு 4090 பெர்ஃபார்மன்ஸ்னு மேடையில சொன்னீங்களே, அது ஃபிரேம் ஜெனரேஷன் (நிஜ ஃபிரேமுக்கு நடுவுல ஏஐ ஃபிரேம சொருகுறது) கணக்கு, அந்த ஃபிரேம் ஜெனரேஷனே மெமரிய தின்னும்! 2016லயே ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 480ல 250 டாலருக்குள்ள 8 ஜிபி கிடைச்சுது. நீங்க 2021ல 3060க்கு 12 ஜிபி குடுத்துட்டு அடுத்த தலைமுறை 4060க்கு 8 ஆக்கினது என்ன கணக்கோ.

இன்டெல், 249 டாலருக்கு பி580ல 12 ஜிபி குடுத்தீங்க, கையெடுத்து கும்பிடலாம். ஆனா பழைய ரைசன் 2600 மாதிரி ப்ராசஸர்ல போட்டா டிரைவர் (கார்ட இயக்குற சாஃப்ட்வேர்) பாரத்துலயே எஃப்பிஎஸ் விழுது, அந்த விலைக்கு கார்டு தேடுறவன்கிட்ட வேற என்ன ப்ராசஸர் இருக்கும்னு நினைக்கிறீங்க? மொதல்ல அத சரி பண்ணுங்க.

இப்போதைக்கு என் ஓட்டு 16 ஜிபி 9060 எக்ஸ்டிக்குத்தான். 8 ஜிபி கார்டே வேணாம்னு சொல்லல, வேலரன்ட் மாதிரி லேசான கேம் மட்டும் ஆடுறவனுக்கு அது தாராளம். பேர மட்டும் மாத்துங்க, லேன் எத்தனைன்னு டப்பா முன்னாடி அச்சடிங்க, ரிவ்யூ பண்றவங்களுக்கு 8 ஜிபி கார்டயும் சேர்த்து அனுப்புங்க, விக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே.